ஐந்து குதிரைகளின் உண்மைக் கதையைச் சொல்லுங்கள்

டான்யூப் நதியில் பயணக் கப்பல் நடத்தும் நிறுவனத்தாருக்கும், அந்தப் பயணங்களை நம் ஊரில் விற்கும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

புடாபெஸ்டுக்குத் தெற்கே கலோச்சா பக்கம் உங்கள் கப்பல்கள் கரை ஒதுங்குகின்றன. அங்கிருந்து பேருந்தில் ஏற்றி, புஸ்தா என்கிற ஹங்கேரியப் புல்வெளிக்கு அழைத்துப் போகிறீர்கள். இறங்கியதும் பழச் சாராயம் ஒரு மிடறு, கடிக்க உப்பு ரொட்டி, அப்புறம் குதிரைக் காட்சி. பலரும் இதைச் சுற்றுலாக்காரர்களுக்கான கூத்து என்று ஒதுக்குவார்கள். என்னைக் கேட்டால், வழியில் பார்த்த அரண்மனைகளைவிட இதுதான் மனதில் நிற்கிறது. என் வருத்தமெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட கதையைப் பற்றியது.

நீலச் சட்டையும் பாவாடை போல் விரிந்த கால்சட்டையும் அணிந்த ஒருவர், இரண்டு குதிரைகளின் பின்முதுகில் காலுக்கு ஒன்றாக நின்றுகொண்டு, முன்னால் ஓடும் மூன்று குதிரைகளின் கடிவாளத்தையும் சேர்த்துப் பிடித்தபடி நான்குகால் பாய்ச்சலில் வருகிறார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. "ஆயிரம் ஆண்டு மரபு" என்கிறார் வழிகாட்டி. அது சரியில்லை. இந்த ஐந்து குதிரைச் சவாரி முதலில் பிறந்தது ஓவியத் துணியில். லுட்விக் கோஹ் என்ற ஆஸ்திரிய ஓவியர் கற்பனையாக வரைந்த காட்சி அது. அதைப் பார்த்து, இதை நிஜமாகவே செய்தால் என்ன என்று 1950களில் செய்து காட்டியவர் பேலா லேனார்ட் என்ற ஹங்கேரியக் குதிரைவீரர். அவருக்குப் பின் வந்தவர்கள் குதிரைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

வெளியூர்க்காரர் ஒருவர் மனம்போல வரைந்துவிட்டுப் போனதை, குதிரையோடு வாழ்ந்த மக்கள் சவாலாக எடுத்துக்கொண்டு சாதித்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் கைதட்டல் குறையுமா என்ன? எனக்கென்னவோ கூடும் என்றுதான் தோன்றுகிறது.

பழைய மரபு வேண்டுமென்றால் அதே களத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. சிகோஷ் எனப்படும் அந்தக் குதிரை மேய்ப்பர்களின் சேணத்தைப் பாருங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் கிடையாது, குதிரை மேல் சும்மா கிடக்கிறது. மந்தை கலைந்தால் எடுத்துப் போட்ட கையோடு ஏறிப் போக வேண்டிய வேலை அவர்களுடையது. வாரின் பிடிமானம் இல்லாமல் ஏறுவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். குதிரை படுத்துக்கொள்வதும் நாயைப் போல உட்காருவதும் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத சமவெளியில், நிற்கும் குதிரை தொலைதூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும், அந்தக் காட்சியே மாறிவிடும். சாட்டை காதருகே வெடித்தாலும் அசையாமல் கிடக்கப் பழகிய குதிரை அது.

குதிரைகளுக்கும் வரலாறு உண்டு. ஹங்கேரியின் பெயர் பெற்ற இனங்களில் ஒன்றான நோனியஸ், நெப்போலியன் போர்களின்போது பிரான்சிலிருந்து பிடித்து வரப்பட்ட ஒரே ஒரு பொலிகுதிரையிலிருந்து கிளைத்தது. 1784இல் தொடங்கப்பட்ட மெசோஹெஜெஷ் அரசுப் பண்ணைக்கு அது 1816இல் வந்து சேர்ந்தது. இதில் ஒரு சொல்கூட அன்று எங்கள் காதில் விழவில்லை. வழிகாட்டி அந்த நேரத்தில் கடை எந்தப் பக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

19ஆம் நூற்றாண்டில் ஆறுகளைக் கரை கட்டி ஒழுங்குபடுத்தி, மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதியை உழுதுவிட்டார்கள். மந்தை சுருங்கியது, மேய்ப்பர் வேலையும் சுருங்கியது. இன்று இந்தத் திறமை பிழைத்திருப்பதற்கு உங்கள் பயணிகள் கொடுக்கும் பணமும் ஒரு காரணம். அதனால் இந்த நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். நேரத்தைக் கூட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். காட்சி முடிந்ததும் குதிரைக்காரர்கள் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்து, அவர்களோடு கொஞ்ச நேரம் பேச விடுங்கள். குட்டியை எந்த வயதில் பழக்கத் தொடங்குவீர்கள், கீழே விழுந்ததுண்டா, பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா என்று கேட்க எங்களிடம் கேள்விகள் இருக்கின்றன. ஆடி மாத வெயில் போல அங்கும் ஜூலை நடுப்பகல் கொளுத்துகிறது. அந்த நேரத்தில் குதிரைகளை ஓட விடாமல் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம்.

கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலோச்சாவின் பூத்தையல் புகழ் பெற்றது. அந்தப் பூக்களை அச்சு எதுவும் இல்லாமல் கையாலேயே வரைந்து கொடுக்கும் பெண்கள் அங்கே இருந்தார்கள், வீட்டுச் சுவர்களிலும் வரைந்தார்கள். கோலம் போடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கத்தான் ஆசை. மேசையில் கிடந்த துணிகளில் எது கைத்தையல், எது இயந்திரத்தையல் என்று ஒரு சீட்டுகூட இல்லை. ஒட்டிவையுங்கள், விலை கூடுதலானாலும் வாங்குவோம். (மிளகாய்த் தூளை மட்டும் நம்மவர்கள் காரத்தை நம்பி வாங்க வேண்டாம். அங்கே அதிகம் விற்பது நிறத்துக்கும் மணத்துக்குமான இனிப்பு வகை.)

முகவர்களுக்குத் தனியாக ஒன்று: உங்கள் விளம்பரத் தாளில் இந்த நாள் "குதிரை ஷோ, ஷாப்பிங்" என்று இரண்டே சொல்லில் முடிகிறது. அடுத்த பருவத்துக்கு அச்சடிக்கும்போது சேணத்தையும் ஓவியத்தையும் பற்றி நான்கு வரி சேருங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் காசில்லாமல் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கப்பலில் வந்த ஒரு பயணி