உக்கிராண அறைக்குப் பெயிண்டைப் பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள், பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பொங்கலுக்குள் உக்கிராண அறையைக் காலி செய்து பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காலி செய்வதை இன்றே தொடங்குங்கள். பெயிண்ட் மட்டும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த டெல்டா வீட்டுச் சுவர் தை பிறக்கும்போதும் ஈரத்தோடுதான் நிற்கும். அதன்மேல் எமல்ஷன் பூசினால் உள்ளே மாட்டிய நீர் வெயில் ஏற ஏற பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். அந்தக் காலத்தில் பொங்கலுக்கு அடித்தது சுண்ணாம்பு. அது ஈரத்தை வெளியே விடும், அதனால் அந்த வழக்கம் சுவரைக் கெடுக்கவில்லை.

முதல் வேலை எலிப்புழுக்கை. கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட்டுப் பிறகு உள்ளே போங்கள். மாஸ்க், ரப்பர் கையுறை, மூடிய செருப்பு மூன்றும் வேண்டும். எலி மூத்திரத்தில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி சின்னச் சிராய்ப்பு வழியாகவும் உடம்பில் ஏறும். விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது, தூசியெல்லாம் மூச்சில் போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் வழித்துப் பையில் கட்டிவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

போகிக்கு எரிக்க என்று ஒதுக்கும் காகிதக் கட்டைப் பெரியப்பாவோ அண்ணனோ ஒரு முறை பிரித்துப் பார்க்கட்டும். பழைய பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியில்தான் கிடக்கும். கிடைத்தால் லேமினேட் செய்ய வேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது. நிழலில் ஒரு நாள் உலர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ராமபாணப் பூச்சி ஈரம் இருக்கும் இடத்தில்தான் பெருகும். அந்துருண்டை போட்டு வைத்த துணியைத் துவைத்து வெயிலில் காயவைக்காமல் கைக்குழந்தைக்குப் போடவே கூடாது. சில குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். பித்தளை அண்டாக்களுக்குப் புளி போதும், தேய்த்த கையோடு கழுவித் துடைத்துவிடுங்கள்.

இனி சுவர். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்தால் காற்றோட்டம்தான் குறை. சுவரென்றால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். தோட்டத்து மண் உள்தரையைவிட உயரமாக மேடேறியிருக்கிறதா, துவைக்கிற கல்லின் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா, கூரைத் தண்ணீர் அங்கேயே விழுகிறதா? மண்ணை உள்தரைக்கு அரை அடியாவது கீழே வெட்டி இறக்காமல் உள்ளே செய்யும் எந்த வேலையும் வீண்.

கீழ் மூன்றடிக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. சுண்ணாம்புக் காரைச் சுவர் மூச்சு விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் அங்கே வெளியேற முடியாமல் மேலே ஏறிச் சிமெண்டுக்கு மேல் உப்புப் பூக்கிறது. மேஸ்திரி "வாட்டர் புரூப் அடிச்சிடலாம்" என்பார். சம்மதிக்காதீர்கள். ஈரம் தெரியும் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் சந்துகளை அரை அங்குலம் சுரண்டச் சொல்லுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் உதிர்த்து அள்ளி வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். மாசி முழுக்கச் சுவர் திறந்தே காயட்டும்.

பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வெடிக்கும். ஒரு வாரம் நனைத்த கோணியைத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை, நீர்க்கக் கரைத்து, மூன்று கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் பொடிந்து கையில் ஒட்டும். கிளிஞ்சலோ கல்லோ, நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பெயிண்ட்தான் வேண்டுமென்றால் பங்குனியில் மறுபடி பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, மேல்பாதிக்கு மட்டும் அடியுங்கள்.

நிலைக்கதவின் பழைய எனாமலை உலர வைத்து உப்புத்தாள் போடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசியாக மூச்சில் போகும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) வரம்பு அமலானதே 2017 நவம்பரில்தான். நனைத்துத் தேயுங்கள், பேரப்பிள்ளைகள் அன்று பக்கத்தில் இருக்க வேண்டாம். தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகன்