முட்டைப் பெட்டியைக் கழற்றிக் கொடுத்த லோரி அண்ணனுக்கு

சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பொருட்காட்சிக்காக நான் செய்துகொண்டிருந்த லேசர் இயந்திரத்தின் போர்டு போன புதன்கிழமை ராத்திரி என் வீட்டுப் பின்கட்டில் புகைந்துபோனது நம் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும். புகை வாசம் வந்த வீட்டுக்காரர்களிடம் முதலில் மன்னிப்பு.

இயந்திரத்தை இயக்கும் மூளை அந்தச் சின்ன போர்டுதான். ஆரம்பத்திலேயே நான் தப்பான போர்டை எடுத்துவிட்டேன். வைஃபை இருக்கிறது, 240 மெகாஹெர்ட்ஸ் வேகம் என்று இஎஸ்பி32 போர்டு மேல் ஆசை. அதன் பின்களில் வருவது 3.3 வோல்ட்; என் லேசர் தலை கேட்பது 5 வோல்ட் சிக்னல். லேசர் ஒருமுறை எரியும், ஒருமுறை எரியாது. அவசரத்தில் ஒயரை மாற்றிக் குத்தினேன், அதோடு போர்டு போச்சு. 5 வோல்ட் கொடுக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ஊனோ போர்டே போதும் என்று அப்புறம்தான் உறைத்தது. ஆன்லைனில் போட்டால் அடுத்த வாரம்தான் வரும்; பள்ளிப் பொருட்காட்சியோ சனிக்கிழமை.

வியாழன் விடிகாலை லோரி அண்ணன் கதவைத் தட்டினார். கையில் ஓர் ஊனோ. அவருடைய கோழிமுட்டை பொரிக்கும் பெட்டியில் முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்த போர்டு அது. உள்ளே 12 முட்டை, அன்றைக்கு 14ஆம் நாள். "சூட்டுக்குத் தனி தெர்மோஸ்டாட் இருக்கு தம்பி. புரட்டுறதுதானே, கையால புரட்டிக்கிறோம்" என்றார். முட்டைக்கு ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். பகலில் அவர் வீட்டு அக்கா புரட்டினார். நாளெல்லாம் செம்பனைக் குலை ஏற்றி வரும் மனிதர், ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்தார்.

புரட்டும் புரோகிராமுக்கு அவரிடம் பிரதி இல்லை. "அழிச்சிடு, பார்த்துக்கலாம்" என்றார். எனக்குக் கை வரவில்லை. ஊனோவின் 32 கிலோபைட் நினைவகத்தை, என் இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் புரோகிராம் ஒன்றே ஏறக்குறைய அடைத்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து குடியிருக்க முடியாது. ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளை வைத்து உள்ளிருந்ததை அப்படியே கோப்பாக எடுத்து, இரண்டு பென்டிரைவில் போட்ட பிறகுதான் ஜிஆர்பிஎல்லை ஏற்றினேன்.

அதற்குப் பிறகும் லேசர் எரியவில்லை. ஊனோ மேல் செருகும் ஷீல்டு பலகையில் இசட் எண்ட்ஸ்டாப் என்று அச்சடித்த இடத்தில்தான் லேசர் ஒயரைக் குத்த வேண்டும், லேசரின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் சிக்னல் 11ஆம் பின்னுக்கு மாறிவிட்டது என்று நள்ளிரவில் போன் போட்டுச் சொன்ன பாலிடெக்னிக் தம்பிக்கு நன்றி. $32=1 போட்டு லேசர் முறைக்கு மாற்றி, லேசரை எரியவிடும் கட்டளையை எம்3-இலிருந்து வேகத்துக்கேற்பச் சக்தியைக் குறைக்கும் எம்4 ஆக்கினால் மூலை கருகாது என்றதும் அவர்தான். மோட்டார்களை ஓட்டும் டிரைவர் சில்லு வாங்க ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிய மச்சானுக்கும், 450 நானோமீட்டர் லேசர் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடி இரவல் கொடுத்தவருக்கும், காசு வாங்காமல் ரொட்டி சானாய் அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை பழைய புரோகிராமை ஏற்றிப் போர்டைத் திருப்பிப் பூட்டினேன். இனி அவசரத்துக்கென்று ஓர் ஊனோ என் மேசையில் எப்போதும் இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

இன்று காலை ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது. மீதி மூன்றைப் பற்றிக் கேட்டேன். "அது கூமுட்டை தம்பி, ஏழாம் நாள் டார்ச் அடிச்சுப் பார்த்தப்பவே தெரியும்" என்கிறார். தெரிந்திருந்தால் அந்த மூன்றுக்கும் எதற்குப் பென்சில் குறி போட்டார்?