அக்காவின் சிகிச்சை குறித்து

பாளையங்கோட்டை

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா உணவையும் பேச்சையும் அறவே விட்டுவிட்டதையும், மருத்துவர் மின்னதிர்ச்சி சிகிச்சையைச் சொன்னதும் கடையத்து வீட்டில் அனைவரும் "கரண்ட் வைக்கவா?" என்று பதறியதையும் எழுதியிருந்தாய். அந்தப் பதற்றத்தை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்னும் மருத்துவர்கள் தொடங்கிய இச்சிகிச்சைக்கு மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் 1950களிலேயே துணைக்கு வந்துவிட்டன. ஆயினும் நம் நாட்டில் பல இடங்களில், ஆட்கள் பிடித்துக்கொள்ள, விழித்திருப்பவருக்கே அதைக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. மின்சாரம் தூண்டும் வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. திரைப்படங்கள் அதைத் தண்டனையாகவே காட்டின. ஊர் அஞ்சியதில் வியப்பென்ன?

எங்கள் மதினிக்கு இது நடந்தபோது உடனிருந்தேன். தாம் பெரும்பாவம் செய்துவிட்டதாக நம்பி, தண்ணீரையும் மறுத்துக் கிடந்தார். வெறும் வயிற்றில் அழைத்துச் சென்று, ஊசியால் உறங்கவைத்து, உடல் தளர்ந்த பிறகே மின்சாரம் செலுத்தினார்கள் என்று மருத்துவர் விளக்கினார். வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுமாம். வாரத்திற்கு இரண்டு மூன்று என, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு முறை கொடுப்பார்கள். சில முறைகளுக்குப் பின், வீட்டில் சொதி வைத்திருக்கிறதா என்று மதினி தாமாகக் கேட்டார்.

இப்போது சிலர் மறுகோடிக்குச் சென்று, இதில் பக்கவிளைவே இல்லை என்று பேசுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சிகிச்சைக்குச் சற்று முன் சங்கரன்கோவிலில் நடந்த பேரனின் காதுகுத்து மதினிக்கு இன்றும் நினைவில்லை. படங்களைக் காட்டினால் எரிச்சல்தான் வருகிறது. அந்த இழப்பை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருந்தால் இத்தனை வருத்தம் இராது. மேலும், குணமான பிறகு மாத்திரையை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களிலேயே நோய் திரும்புகிறது.

கோயிலில் கொண்டுபோய் இருத்தலாம் என்று உன் அத்தான் சொல்வதாக எழுதினாய். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவிடப்பட்ட மனநோயாளிகளின் விடுதியில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை அவருக்கு நினைவூட்டு. கரண்டுக்கு அஞ்சிய நாம் சங்கிலிக்கு அஞ்சவில்லையே!

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத மின்னதிர்ச்சியைத் தடை செய்திருக்கிறது. அவசரச் சிகிச்சை என்ற பெயரில் மின்னதிர்ச்சியையே கொடுக்க முடியாது. ஆகவே கையெழுத்திடும் முன், மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, மின்முனைகளைத் தலையின் ஒரு பக்கத்தில் வைப்பார்களா இரு பக்கமுமா, பிறகு எந்த மருந்தைத் தொடர்வது என்பவற்றைக் கேட்டுக்கொள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறதி பொதுவாகக் குறைவு. ஆனால் அக்காவின் நிலைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். இதய நோய்க்கு அவர் உண்ணும் மாத்திரைகளையும் மறவாமல் தெரிவி.

காய்ச்சலுக்கு ஊசி என்று பொய் சொல்லி மட்டும் அவரை அழைத்துச் செல்லாதே. பேசாமல் கிடந்தாலும் அவர் காதில் விழும். என்ன செய்யப்போகிறார்கள், எது மறந்துபோகக்கூடும் என்பதை நீயே பக்கத்தில் அமர்ந்து சொல். மருத்துவமனைக்கு அலைய எங்கள் வீடுதான் அருகு என்பதால், மதினி மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறார். வரும் நாளை எழுது.

அன்புடன்,
ஆறுமுகம்