எரிமலைப் படத்தில் பாறை எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை எரிமலைக் கட்டுரையோடு போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அடியில் ஒரு சிவப்பு உருண்டை, அதிலிருந்து உச்சி வரை நேராக ஒரு குழாய், சுற்றிலும் வெறும் பழுப்பு நிறம். எங்கே பார்த்தாலும் இதே படம்தான், தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. ஆனால் பாதிக் கதை அந்தப் பழுப்பில்தான், அதாவது சுற்றியிருக்கும் பாறையில்தான் இருக்கிறது.

மண்ணுக்கு அடியில் யாரும் குழாய் பதித்து வைக்கவில்லை. மாக்மா, அதாவது மண்ணுக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு, தன் வழியைத் தானே பிளந்துகொண்டு வருகிறது, அதுவும் தன் இஷ்டத்துக்கு இல்லை. விறகு நார் ஓடுகிற வாக்கில் பிளக்கிற மாதிரி, பாறையின் இறுக்கம் எந்தத் திசையில் குறைவோ அந்தத் திசையில் இரு பக்கமும் விலக்கிக்கொண்டு தகடு போல நுழைகிறது. பாறை அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் போனால் அந்தத் தகட்டுக்குப் பெயர் டைக், அடுக்குகளுக்கு நடுவே படுத்துப் பரவினால் சில். நடுவில் பருத்து மேலடுக்குகளைக் குடை போல வளைத்துத் தூக்கிவிட்டால் லாக்கோலித். இதை அமெரிக்காவின் யூட்டாவில் ஹென்றி மலைகளைப் பார்த்துவிட்டு கில்பர்ட் என்ற புவியியலாளர் 1877-லேயே எழுதிவிட்டார்!

கட்டுரையில் ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் வருகிறது, ஆனால் லாவா (வெளியே வந்துவிட்ட மாக்மா) வந்த கதையோடு முடித்துவிட்டீர்கள். 2023 நவம்பர் 10 அன்று அந்த ஊருக்கு அடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீள டைக் சில மணி நேரத்தில் நுழைந்தது. அன்றைக்கு வெளியே ஒரு சொட்டு லாவா கிடையாது. ஆனாலும் சாலைகள் பிளந்தன, ஊரின் ஒரு பகுதி ஒரு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. அடியிலிருந்து தள்ளினால் நிலம் உயரத்தானே வேண்டும்? டைக் பாறையைப் பக்கவாட்டில் ஒதுக்குவதால் அதன் நேர் மேலே உள்ள நிலம் இரு பக்கமும் இழுபடுகிறது, நடுத்துண்டு பிடிமானம் இல்லாமல் இறங்கிவிடுகிறது. உயர்வது இரண்டு ஓரங்கள்தான். லாவா முதலில் வெளிவந்ததே டிசம்பர் 18-ல், ஊருக்கு வெளியே.

அப்புறம் ஜப்பானின் ஷோவா ஷின்சான். 1944-45ல், போர்க்காலத்தில், ஒரு கோதுமை வயல் மெல்ல மெல்ல மலையாக எழும்பியது. அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர் மிமாட்சு குறுக்கே நூல்களைக் கட்டி, எப்போதும் ஒரே இடத்திலிருந்து பார்த்து, மலை எவ்வளவு வளர்ந்தது என்று கோடு கோடாக வரைந்து வைத்தார். கருவி எதுவும் இல்லாத மனிதர் செய்த வேலை அது. அந்த மலை சிவப்பாக இருப்பதற்குக் காரணம், தூக்கப்பட்ட வயல் மண் மாக்மா சூட்டில் செங்கல்லாகச் சுட்டுப்போனதுதான்.

சூடு என்றதும் இன்னொன்று. பாறை சும்மா வெந்துகொண்டு நிற்பதில்லை, பதிலுக்கு அதுவும் ஏதாவது செய்கிறது. சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறும்போது கார்பன் டை ஆக்சைடை விடலாம், ஈரப் பாறையின் நீர் ஆவியாகி வெடிக்கலாம். மாக்மாவின் ஓரமோ குளிர்ந்த பாறையைத் தொட்டதும் சட்டென்று உறைந்து, பொடிப்பொடி மணிகள் கொண்ட பாறையாகிவிடும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சாலிஸ்பரி கிராக்ஸ் என்ற பாறைச்சரிவில், மாக்மா அடுக்குப் பாறையில் ஒரு துண்டை நெம்பித் தூக்கிய நிலையிலேயே உறைந்து கிடக்கிறது. பாறை உருகிய நிலையில் அடுக்குகளுக்குள் நுழைந்தது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் அதைச் சான்றாகக் காட்டினார். அடுத்த தடவை குழாய்ப் படத்துக்குப் பதில் அந்த இடத்தின் புகைப்படத்தைப் போடுங்கள், சரியா?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்