டிராகன் பூங்காவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள செவ்வாய்ப்பேட்டை அக்கம்பக்கத்தாருக்கும், ஏற்காட்டிலிருந்து சாக்கு நிறையச் சருகு கொடுத்தனுப்பிய மாமாவுக்கும்,

வணக்கம். கொலு பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண் ஏற்றியாகிவிட்டது. உதவினவர்கள் வீடு வீடாகப் போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "நீங்களே எழுதிடுங்க அத்தை" என்று ஓடிவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

வழக்கமாக எங்கள் கொலுவுக்கு வருகிறவர்கள் படியைப் பார்ப்பார்கள், தசாவதாரத்தில் கல்கியின் குதிரை எங்கே என்று கேட்பார்கள் (உடைந்துவிட்டது, வருஷா வருஷம் சொல்கிறேன்), சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். இந்த வருஷம் படிப்பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. பட்டுப்புடவையோடு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிராகன் பார்த்தார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாடிவீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் 'மாடிநாடு'. எங்கள் வீட்டு இரண்டும் 'திண்ணைநாடு'. போன வருஷம் கொலுவுக்குக் கீழே பார்க் போடும்போது ரயில்வே ஸ்டேஷனா, கிரிக்கெட் மைதானமா என்று சண்டை வந்து, தீபாவளி வரை இரண்டு நாட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்த முறை மாடிநாட்டுப் பிரதமர், ஆறாம் வகுப்பு, சமாதானத்துக்கு ஒரு அன்பளிப்பு அறிவித்தாள். ஒரு டிராகன் இல்லை, டிராகன் பூங்காவையே தருவதாக.

தப்பு என் மேல்தான். யானை இந்திராவின் கதையைச் சொன்னது நான். போர்க்காலத்தில் டோக்கியோவின் உவேனோ பூங்காவில் இருந்த யானைகளைப் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். போர் முடிந்தபின் அந்த ஊர்ப் பிள்ளைகள் யானை வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் எழுத, 1949ல் அவர் தன் மகள் பெயரையே கொண்ட ஒரு யானையைக் கப்பலேற்றி அனுப்பினார். இதைக் கேட்ட பிறகு சும்மா இருப்பார்களா? தேடிப் பிடித்து, 1990ல் இந்தோனேசிய அரசு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு நிஜமாகவே ஒரு டிராகனைக் கொடுத்ததைக் கண்டுபிடித்தார்கள். கொமோடோ டிராகன், பெயர் நாகா. அவர் அதைச் சின்சினாட்டி பூங்காவில் விட்டார். "அப்ப நாமும் குடுக்கலாம்" என்று தீர்மானம் நிறைவேறியது.

ஒப்பந்தம் எழுத மட்டும் மூன்று நாள் பிடித்தது. 1972ல் வாஷிங்டனுக்கு இரண்டு பாண்டாக்களை அன்பளிப்பாகவே கொடுத்த சீனா, பிற்பாடு வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது, வெளிநாட்டில் பிறக்கிற குட்டியும் சீனாவுக்கே சொந்தம். இது பிரதமருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முட்டை யாருக்கு என்பதில் அப்படி ஒரு தகராறு. கடைசியில் பாதிப் பாதி.

அந்த முட்டைகளுக்காகத்தான் முதல் நன்றி, ஜவ்வரிசி மில்லில் வேலை பார்க்கும் ஆயாவுக்கு. பிள்ளைகள் முதல் தடவை ஜவ்வரிசியை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் கூழும் எறும்புமாக விழித்தார்கள். "ஊறப்போட்டா அப்படித்தான் சாமி ஆகும், காய்ஞ்சதாவே ஒட்டுங்க" என்று பெரிய மணியாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தெளித்து, தேங்காய் நார்க் கூட்டில் வைத்தார்கள். நிஜ முட்டை தோற்றது போங்கள்.

கொலுசுப் பட்டறை அண்ணனுக்கு எத்தனை சொன்னாலும் தகும். பட்டறையில் கூட்டின தூசியைக்கூட வீசமாட்டார்கள், உருக்கினால் வெள்ளி வருமே. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து பிள்ளைகளை உள்ளே விட்டு, பித்தளைக் கம்பியை வளைத்து ஒரு முதுகெலும்பு பற்றவைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கணுவிலும் ஒரு கொலுசு மணி. விசிறிக் காற்று பட்டால் டிராகன் மெதுவாகச் சிணுங்கும். இறக்கைக்கு ஏற்காட்டு மாமாவின் சருகு. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் இலை, கிழித்துவிட்ட இறகு மாதிரி இருக்கும், புரட்டினால் அடிப்பக்கம் வெள்ளி. பூச்சே தேவைப்படவில்லை.

குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் எங்களிடம் பேசிய ஊழியருக்குத் தனியாக ஒரு கும்பிடு. டிராகன் வளர்க்க என்ன வேண்டும் என்று சின்னவன் கேட்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, "எத்தனை உருப்படி? ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுமா?" என்று கேட்டார். புதிதாக வருகிற மிருகத்தைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும், கூண்டுக்கு இரண்டு கதவு வேண்டும், ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். எங்கள் தீப்பெட்டிக் கூண்டுக்கு இரட்டைக் கதவு வந்தது அப்படித்தான். ஆன்லைனில் டிராகன் கேட்டதற்கு முதுகில் தகடு முளைத்த டைனோசரை அனுப்பிவைத்தார்கள் ஒரு கடைக்காரர்கள் (பணம் இன்னும் திரும்பவில்லை). அதுவும் 'அடையாளம் தெரியாத விலங்கு' என்ற பலகையோடு ஒன்பது நாளும் தனிக்கொட்டகையில் கிடந்தது.

தாரமங்கலத்துக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி, காத்திருப்புக்குக் காசு வாங்கவில்லை. நம்ம ஊர் டிராகன் யாளிதான் என்று நான் சொல்லப்போக, கைலாசநாதர் கோயில் தூணெல்லாம் பார்க்க வேண்டியதாயிற்று. வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க முடியாது, அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு வாங்கிக் களிமண் யாளியின் வாயில் போட்டார்கள். மூன்று யாளிக்குத் தாடை உடைந்தது. நாலாவதில் உருண்டது.

எதிர்வீட்டு அம்மாயி பூங்காவைப் பார்த்துவிட்டு "ஒட்டகச்சிவிங்கி நல்லா இருக்கு" என்றதில் பிரதமருக்கு வருத்தம். 1414ல் வங்காளத்திலிருந்து சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாகப் போன ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு, இதுதான் நம் புராணத்து அதிசய விலங்கான கிலின் என்றார்களாம் சீனர்கள். அதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். அம்மாயி, தப்பாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் அந்த ஐந்தாம் நாள் மழை. ஓட்டுக்குள்ளிருந்து நேராக முளைப்பாரிக் கேழ்வரகு மேல் ஒழுக ஆரம்பித்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தார்ப்பாயோடு ஓட்டின் மேல் ஏறிய பக்கத்து வீட்டு மாமா, கால் வழுக்கியதை வீட்டில் சொல்லவில்லை என்று கேள்வி. நானும் சொல்லவில்லை.

தட்டுவடை செட் சப்ளை செய்த தம்பிக்கு, ஒன்பது நாளும் சுண்டலிலிருந்து எங்களைக் காப்பாற்றியதற்காக நன்றி.

இரவல் வாங்கியதில் இரண்டு தாம்பாளம், ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், யாருடையது என்று தெரியாத ஒரு பித்தளைச் செம்பு இன்னும் என்னிடம் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மணி வைத்த டிராகனை மட்டும் கேட்காதீர்கள். ஒப்பந்தப்படி அது ஆறு மாதம் மாடியில், ஆறு மாதம் திண்ணையில்.

அன்புடன்,
திண்ணைநாட்டு நிதியமைச்சரின் அத்தை