கொல்லைக் கதவைத் திறந்து வைத்தவர்களுக்கு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி ரோட்டோரத்தில் இருக்கிற அக்காமார், மதினிமார், அண்ணன்மார், அப்பத்தாமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரத்தில் கிளம்பி அரிச்சல்முனை வரை 21 கிலோமீட்டர், அரை மாரத்தான் தூரம், ஓடி முடித்துவிட்டேன். நேரில் வந்து ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னால் பேச்சு வராமல் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஏதோ வயிற்று ஆபரேஷன் என்று எல்லோருக்கும் தெரியும், என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமென்றால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குப் பெருங்குடல் கிடையாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற நோய், பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகும். வருஷக்கணக்கில் மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் பார்த்தும் அடங்கவில்லை. மதுரையில் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசியில் ஒரு முப்பது சென்டிமீட்டரை ‘ஜே’ எழுத்து மாதிரி மடித்துத் தைத்து, உள்ளேயே ஒரு பையாக்கி, ஆசனவாயோடு சேர்த்துவிட்டார்கள். அந்தத் தையல் ஆறும் வரைக்கும் சில மாதம் வயிற்றில் ஒரு துளை வைத்து, மலம் சேர வெளியே ஒரு பை ஒட்டியிருந்தது, அப்புறம் இன்னொரு ஆபரேஷனில் அந்தத் துளையை மூடினார்கள். இப்போது எல்லோரையும் போல அதே வழிதான், ஆனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போக வேண்டும், கூழ் பதத்தில்தான் போகும். வீட்டில் இருக்கும்போது கொஞ்ச நேரம் அடக்கலாம். ஓடும்போது வயிறு குலுங்கக் குலுங்க அந்தக் கொஞ்ச நேரமும் சுருங்கிக்கொண்டே வரும்.

ஆகவே ஓடக் கிளம்புமுன் நான் யோசிப்பது ஒன்றே ஒன்றுதான், அடுத்த கக்கூஸ் எங்கே இருக்கிறது. பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஏறிவிட்டால் அந்தக் கரை போய்ச் சேரும் வரை ஒரு கதவு கிடையாது. ஆம்பளையாவது எங்காவது ஒதுங்கலாம், பொம்பளை எங்கே போவது? ஓடிப் பழகிய நாட்களில் அந்தப் பாலத்தை நான் தாண்டியது இரண்டு முனையிலும் இருக்கிற உங்களால்தான். மண்டபம் பக்கத்து டீக்கடை அண்ணே, கடைக்குப் பின்னால் இருக்கிற சொந்த வீட்டுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தீர்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாம்பன் பக்கத்து மதினி, நீங்கள் ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, நாயைக் கட்டிப்போட்டு, வாளி நிறையத் தண்ணீர் வைத்து அதன் மேல் ஒரு சோப்பும் வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வீர்கள். குடிதண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிற வீடு அது. அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தனுஷ்கோடி அப்பத்தாவைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டும். முகுந்தராயர் சத்திரம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கடல்தான், நிழலும் இல்லை, மறைவும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த இடம், இன்றைக்கும் அங்கே ஓலைக் குடிசை போட்டு மீன்பிடித்துப் பிழைக்கிறவர்கள் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டுதான் குடத்தை நிரப்புகிறார்கள். முதல் தடவை நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “வயித்து விஷயத்துல என்னத்தா வெக்கம், போயிட்டு வா” என்றார். அடுத்த வாரம் போனால் குடிசைக்குப் பின்னால் புதுசாகப் பனையோலைத் தட்டி கட்டியிருந்தது. ஓலை இன்னும் பச்சை மாறவில்லை, நாலு மூலையும் நைலான் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, காற்றுக்குப் பறக்காமல் அடியில் பவளக்கல் அண்டக் கொடுத்திருந்தார். எனக்காகத்தான் கட்டினார் என்று பக்கத்துக் குடிசையில் சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வயிற்றுத் துளையையும் பையையும் கவனிக்கிற ஸ்டோமா நர்ஸாக இருந்த அக்காவுக்கு நான் உயிரோடு இருக்கிற வரை கடன்பட்டிருக்கிறேன். பெருங்குடல் நாளொன்றுக்கு ஒன்று ஒன்றரை லிட்டர் தண்ணீரை உப்போடு உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிற உறுப்பு, அது இல்லாதவர்கள் வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் உப்பு இன்னும் கழுவிக்கொண்டுதான் போகும் என்று உட்காரவைத்து விளக்கியது அவர்தான். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பாக்கெட்டைக் காட்டி, ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அந்தக் குளுக்கோஸ்தான் சிறுகுடலில் உப்பைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும், உப்பு போனால் தண்ணீர் பின்னாலேயே போகும் என்றார். நம்ம ஊரில் ஓடுகிறவளைப் பார்த்தால் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், பதநீர் ஊற்றுவார்கள். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், எனக்கு வேண்டிய உப்பு அதில் கம்மி. பதநீரின் இனிப்பு குடலுக்குள் தண்ணீரை இழுத்து இன்னும் இளக்கிவிடும். அன்போடு நீட்டியதை நான் வாங்காதபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அதற்கும் நன்றி. ராமேஸ்வரம் மெடிக்கல் கடைத் தம்பி, கடை திறக்காத நேரத்திலும் ஓஆர்எஸ் கரைத்த பாட்டிலை ஷட்டருக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டாயே, நீ நல்லா இருக்கணும்.

ஓட்டமெல்லாம் பிறகு வந்தது. ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் டாக்டர் சொன்னது நடக்கச் சொல்லித்தான், கூடவே ஆறு எட்டு வாரத்துக்குக் குடம் தூக்கவே கூடாது, வெட்டிய இடத்தில் குடல் பிதுங்கிவிடும் என்றார். குடம் தூக்காமல் இந்தக் கரையில் ஒரு பொம்பளை குடும்பம் நடத்த முடியுமா? எங்கள் தெருப் பெண்கள் முறை போட்டு எனக்குத் தண்ணீர் சுமந்தார்கள், பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கி இடுப்பு நோக வந்தவர்கள்கூட. என் மாமியார் எனக்கென்று தனிச் சட்டியில் முண்டு மிளகாய் போடாமல் மீன் குழம்பு வைத்தார், முண்டு மிளகாய்க்குப் பேர் போன ராமநாதபுரத்தில் பிறந்த மனுஷி அதைச் செய்வது சின்ன விஷயமில்லை. நார் அடைத்துக்கொள்ளும் என்று வெளிப்பை இருந்த காலம் முழுக்க வீட்டில் பனங்கிழங்கே அவிக்கவில்லை, கஞ்சியும் மசித்த வாழைப்பழமும்தான். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வருமானம் இல்லாத நாட்களிலும் சைக்கிளில் என் பின்னாலேயே வந்தார். கச்சான் காற்று அடிக்கிற நாளில் எனக்கு முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார்.

முகம் தெரியாத மூன்று பேருக்கும் சொல்லிவிடுகிறேன். 1978-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் இருந்து இந்த உள்பை முறையை எழுதிச் சொன்ன ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கல்ஸ், 1980-ல் ‘ஜே’ மடிப்பைக் கொண்டுவந்த ஜப்பான் டாக்டர் உட்சுனோமியா. இவர்கள் யோசித்திருக்காவிட்டால் என் போன்றவர்கள் ஆயுசுக்கும் வெளிப்பையோடுதான் இருந்திருப்போம். வெளிப்பையோடு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை, ஆனால் எங்கள் உப்புக்காற்றிலும் வியர்வையிலும் அந்தப் பை ஒட்டிய தோல் வெந்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தையல்கடைத் தங்கச்சியை மறக்கவில்லை. பேண்டுக்குள் துணி, கிரீம், ஓஆர்எஸ் பொட்டலம் மூன்றுக்கும் தனித்தனியாக அவள் தைத்துக் கொடுத்த பாக்கெட் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரை உரசவே இல்லை.

அடுத்து மண்டபத்தில் இருந்து உச்சிப்புளிப் பக்கம் ஓடலாம் என்று இருக்கிறேன். அந்த ரோட்டில் எனக்கு யாரையும் தெரியாது. ரோட்டோரம் வீடோ கடையோ இருந்து, விடியற்காலையில் ஒரு பொம்பளை வந்து கதவைத் தட்டினால் பரவாயில்லை என்கிறவர்கள் எங்கள் தெருவில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். தண்ணீர் நானே கொண்டுவந்துவிடுகிறேன்.