நனைந்த பிறகும் நிற்கும் ஒட்டு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. திட்ட வேண்டும் என்றால் திட்டிக்கொள், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது. ஆய்வகத் தலைவர் இன்னும் அதே மூலை மேசையில்தான் இருக்கிறார், அதே குரலில்தான் பேசுகிறார். உன்னை விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டின் மேல் சிலிக்கோன் ரப்பரில் வார்த்த நுண்ணிய கால்வாய்களை ஒட்டி அதில் செல்களை வளர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். "பிளாஸ்மாவில் காட்டி அழுத்தினால் போதும், நன்றாகவே பிடிக்கிறது" என்று ஒரே வரியில் அதை முடித்தும் விட்டாய். பிளாஸ்மா என்றால் இங்கே இரத்தத்தில் உள்ளது அல்ல, மேற்பரப்பைப் பதப்படுத்தும் மின்னேற்ற வாயு. அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த தம்பி ஒருவன், நல்ல கைப்பழக்கம் உள்ளவன், உன் திட்டத்தைப் போலவே ஒன்றைச் செய்தான். மேலே சிலிக்கோன், கீழே பாலிஸ்டைரீன். காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தான், நின்றது. சாயத்தண்ணீர் விட்டுப் பார்த்தான், ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அதன் பிறகுதான் அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவிலிருந்து பிரித்த செல்களை உள்ளே விட்டான். இன்குபேட்டரில் சில நாள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், கால்வாயின் விளிம்பை ஒட்டி முடியிழை போல ஒரு பளபளப்பான கோடு. மறுநாள் அது அகன்று பக்கத்துக் கால்வாயைத் தொட்டுவிட்டது. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மீடியம், அதாவது செல்களுக்கான ஊட்டநீர், ஊர்ந்துகொண்டிருந்தது. மருந்து கொடுத்த செல்களும் கொடுக்காத செல்களும் ஒரே நீரில். அந்த நோயாளியிடம் போய் இன்னொரு முறை திசு கேட்க முடியாது, கலா. அவன் அன்று மாலை யாரிடமும் பேசவில்லை.

அவன் கையில் குறை இல்லை. கண்ணாடியில் சரியாக வேலை செய்யும் வேதியியல் பிளாஸ்டிக்கிலும் வேலை செய்யும் என்று எல்லோரும் நம்புவதில்தான் கோளாறு. 1998-இல் ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு சிலிக்கோனையும் கண்ணாடியையும் பிளாஸ்மாவில் ஒட்டிக் காட்டியதிலிருந்து ஊரெல்லாம் இந்த முறைதான். ஆக்சிஜன் பிளாஸ்மா சிலிக்கோன் மேற்பரப்பிலுள்ள மெத்தில் தொகுதிகளைக் களைந்து சிலனாலை, அதாவது சிலிக்கனோடு இணைந்த ஹைட்ராக்சிலை, விட்டுவைக்கிறது. கண்ணாடியிலும் சிலனால் உண்டு. இரண்டும் தொட்டால் நடுவே நீர் விலகி சிலிக்கன்-ஆக்சிஜன்-சிலிக்கன் பிணைப்பு உண்டாகிறது. அதன் பிறகு இழுத்தால் ரப்பர்தான் கிழியும். பாலிஸ்டைரீனில் சிலிக்கன் எங்கே இருக்கிறது? பிளாஸ்மா அதன் மேல் ஆக்சிஜன் தொகுதிகளைத்தான் ஏற்றும். சிலிக்கோன் அதைப் பற்றிக்கொள்வது போலத் தெரியும், உலர்ந்திருக்கும் வரை பற்றிக்கொண்டும் இருக்கும். 37 டிகிரியில், ஈரத்தில், நாள் கணக்கில் ஊறினால் விட்டுவிடும்.

ஆகவே நடுவில் ஓர் ஆள் வேண்டும். உனக்குத் தெரிந்த ஆப்டெஸ் (APTES) என்ற சிலேன்தான்; சிலேன் என்றால் சிலிக்கன் கொண்ட இணைப்பு மூலக்கூறு. அதன் ஒரு முனையில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி, மறுமுனையில் சிலனாலாக மாறக்கூடிய மூன்று எத்தாக்ஸி. பிளாஸ்மா காட்டிய பிளாஸ்டிக்கை ஒரு சதவீத நீர்க்கரைசலில் இருபது நிமிடம் வைத்து, நன்றாக அலசி, உலர்த்தி, புதிதாகப் பிளாஸ்மா காட்டிய சிலிக்கோனை அதன் மேல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். கரைசலை அடர்த்தியாக்கினால் ஒட்டும் பலமாகும் என்று எண்ணிவிடாதே. சிலேன் தனக்குள்ளேயே கட்டிகட்டியாகச் சேர்ந்து, அந்தப் படலமே நொறுங்கும்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. ஆப்டெஸ் போட்ட ஒட்டும் நீண்ட நாள் நீரில் தளர்வதுண்டு. அதிலுள்ள அமீனே அருகிலுள்ள பிணைப்புகளை நீர் வெட்டுவதற்குத் துணைபோகிறது. 2009-இல் எம்ஐடியில் லீயும் ராமும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள்: இரண்டு முனையிலும் சிலிக்கன் உள்ள பிஸ்-சிலேன். மூன்றுக்குப் பதிலாக ஆறு கைகள், ஆகையால் வலையும் நெருக்கமாகப் பின்னுகிறது. தம்பி இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறான். பழைய கருவி பிரிந்த கட்டத்தைத் தாண்டியும் புதிய கருவி கசியாமல் நிற்கிறது. அந்தத் தெளிவான விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

உன் அவசரம் எனக்குத் தெரியும். சிலிக்கோன் பிசினில் குமிழி அடங்கும்வரை பொறுக்க மாட்டாமல் வெற்றிட ஜாடியைத் திறப்பவள் நீ. இதில் மட்டும் அவசரப்படாதே. கசிவுச் சோதனையை உலர்ந்த கருவியில் நடத்தி முடித்துவிடாதே. செல் இல்லாமல் மீடியத்தை மட்டும் நிரப்பி, உன் சோதனை எத்தனை நாள் நடக்குமோ அத்தனை நாளும் இன்குபேட்டரிலேயே வை. பிறகு எடுத்து, இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து உரி. சிலிக்கோன் கிழிந்து, பிளாஸ்டிக்கின் மேல் கரடுமுரடாக ரப்பர் ஒட்டி நின்றால் உன் ஒட்டு நல்ல ஒட்டு. தாள் போலச் சுத்தமாக உரிந்து வந்தால், அது எத்தனை அழுத்தம் தாங்கியிருந்தாலும் அந்தக் கருவியில் செல் விடாதே.

இன்னொரு கவலை. சிலேன் பூசிய தரை உன் செல்கள் பழகிய தரை அல்ல. அமீன் நேர்மின்னேற்றம் கொண்டது. செல்கள் அதில் வேறு விதமாகப் படியும். செல் படியும் இடத்தை மறைத்துவிட்டுச் சிலேன் பூச முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒப்பீட்டுக்கு வைக்கும் தட்டுகளுக்கும் அதே பூச்சைக் கொடு. இல்லையென்றால் மருந்தின் விளைவு எது, தரையின் விளைவு எது என்று பிரிக்கவே முடியாது. சிலிக்கோன் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளை உறிஞ்சும் என்பதையும் மறக்காதே. நீ கொடுக்கப்போவது ஹார்மோன் என்றால் செல்லுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று அளந்தே ஆக வேண்டும்.

ஒட்டிய பிறகு ஓவனில் வைப்பாய் அல்லவா, 60 டிகிரியோடு நிறுத்திக்கொள். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். கிருமி நீக்க ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலன் பக்கம் போகவே கூடாது; 70 சதவீத எத்தனாலும் புற ஊதாவும் போதும்.

உன் தட்டுகள் ஏற்கெனவே செல் வளர்ப்புக்காகப் பதப்படுத்தியவையா, வெறும் பாலிஸ்டைரீனா என்று எழுது. பிளாஸ்மா கருவியின் திறனையும் நேரத்தையும் கூட. தம்பியிடம் கேட்டு பிஸ்-சிலேன் செய்முறையை முழுதாக எழுதி அனுப்புகிறேன். அது வந்து சேரும்வரை நோயாளியின் செல்களை உறைநிலையிலேயே வைத்திரு.

அன்புடன்,
மீனா